கேட்பு அறையில் என் நாற்காலி

போன வருடம் ஆடி மாதம், ஓசூர் தொழிற்பேட்டையில் நான் வேலை பார்க்கும் கம்பெனியில் நடந்தது இது. நாங்கள் செய்வது காது கேட்கும் கருவி. எங்கள் பக்கத்தில் எல்லோரும் அதைக் காது மெஷின் என்றுதான் சொல்வார்கள், நானும் அப்படியே சொல்கிறேன். மைக் ஒரு நாட்டிலிருந்து வரும், சிப் இன்னொரு நாட்டிலிருந்து வரும். எங்கள் லைனில் பெண்கள் உட்கார்ந்து எல்லாவற்றையும் பூதக்கண்ணாடிக்குக் கீழே வைத்து ஒட்டிப் பூட்டி அனுப்பினால், பெயர் வாயில் நுழையாத ஊர்களுக்கெல்லாம் அது போகும்.

அதில் என் வேலை, கேட்பு அறையில் உட்கார்ந்து கேட்டுப் பார்ப்பது. பேக்கிங் போவதற்கு முன்னால் ஒவ்வொரு பீஸையும் ஒரு கம்ப்யூட்டர் மெஷின் சோதித்துப் பச்சை விளக்கு காட்டிவிடும். ஆனாலும் அதற்குப் பிறகு ஒரு மனுஷக் காது கேட்டே ஆக வேண்டும் என்பது எங்கள் கம்பெனி விதி. டாக்டரின் ஸ்டெதாஸ்கோப் மாதிரி ஒரு ட்யூப் இருக்கும். இரண்டு முனைகளைக் காதில் மாட்டிக்கொண்டு, மறுமுனையில் பீஸைச் செருகி, அதன் மைக்குக்கு நேராக "ஆ, ஈ, ஊ, ஸ், ஷ்" என்று சொல்லிப் பார்க்க வேண்டும். குரல் தெளிவாக வந்தால் ஓகே டிரே. கரகரவென்றாலோ, உஸ்ஸென்று சீறினாலோ, மந்தமாக இருந்தாலோ ரிஜெக்ட் டிரே.

அதற்கு முன்னால் கார் பாகம் அடிக்கிற பிரஸ் ஷாப்பில் வருடக்கணக்காக இருந்தவள் நான். காதில் பஞ்சை அடைத்துக்கொண்டு, பக்கத்தில் நிற்பவளிடம் கையாலும் கண்ணாலும் பேசி வேலை பார்த்த இடம் அது. அங்கிருந்து வந்தவளுக்குக் கதவைச் சாத்தினால் பேன் சத்தம்கூடக் கேட்காத அந்தக் கேட்பு அறை எப்படி இருந்திருக்கும் என்று நீங்களே நினைத்துப் பாருங்கள். அந்த நாற்காலி ஒன்றும் சும்மா கிடைக்கவில்லை. பரீட்சை வைத்தார்கள், காதைச் சோதித்தார்கள், அப்படியும் வேறு ஒருத்தியை உட்கார வைக்கப் பார்த்தார்கள். நான் லைன் லீடரிடம் சண்டை போட்டு வாங்கினேன். எனக்குக் கொஞ்சம் வாய் ஜாஸ்தி, அதை மறைப்பதில் பிரயோஜனமில்லை.

அந்த அறைக்குள் கண்ணாடி வளையல் போடக் கூடாது, கொலுசு போடக் கூடாது. வாசலில் ஒரு டப்பாவில் கழற்றிப் போட்டுவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். அந்த ஆடிக்குப் பாகலூர் ரோட்டில் ஒரு கடையில் பழைய கொலுசைக் கொடுத்துவிட்டுப் புதுக் கொலுசு வாங்கியிருந்தேன். வீட்டுக்கு வந்து நடந்து பார்த்தால் சத்தமே இல்லை. மறுநாளே கடைக்குப் போய், "என்னாங்க இது, முத்து போட்டீங்களா இல்ல மண்ணு போட்டீங்களா? சத்தமே வரலியே" என்று ஒரு பிடி பிடித்தேன். அந்த மனிதர் கொலுசைக் கையில் எடுத்துக் குலுக்கிவிட்டு என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். ஏமாற்றுக்காரன் முழிக்கிற முழியைப் பார் என்று நினைத்துக்கொண்டு வந்துவிட்டேன். அதே வாரம் குக்கரில் விசில் சரியாக வரவில்லை என்று புது வெயிட் வாங்கினேன். அதுவும் சரியில்லை. இந்தக் காலத்தில் எந்தப் பொருளும் உருப்படியாக இல்லை என்று என் வீட்டுக்காரரிடம் புலம்பியது நன்றாக ஞாபகம் இருக்கிறது.

அப்புறம் ஒரு நாள் காலையில் புது மைக் போட்ட பீஸ்கள் வந்தன. முதல் பீஸைக் கேட்டேன், மந்தம். "ஸ்" என்றால் ஒன்றுமே வரவில்லை. ரிஜெக்ட். அடுத்ததும் மந்தம். அதற்கடுத்ததும். டீ டைமுக்குள் என் ரிஜெக்ட் டிரே நிரம்பி வழிந்தது. லைன் லீடர் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், எதற்கும் பதற மாட்டார். அன்றைக்கு அவருக்கே பதற்றம் வந்துவிட்டது.

"என்னம்மா இது, பூராவும் ரிஜெக்ட்டால்லா கெடக்கு? மெஷின்ல எல்லாம் பச்சைதானே காட்டுது?"

"மெஷினுக்கு என்னா சார் தெரியும்? நீங்க மைக்கத்தான் பாக்கணும். சப்ளையர் ஏமாத்திட்டான். என் காது பொய் சொல்லாது."

அந்தச் சீட்டில் இருப்பவர் சொல்லை அப்படியே தள்ளிவிட முடியாது. அதுவும் விதிதான். லைனை நிறுத்தினார்கள். மைக் பெட்டிகளைத் தனியாக ஒதுக்கிச் சிவப்பு டேப் ஒட்டினார்கள். வெளிநாட்டுக்கு மெயில் போனது. இன்ஜினியர்கள் பீஸைப் பிரித்துப் பார்த்தார்கள், குறை ஒன்றும் தெரியவில்லை. மாடியிலிருந்து குவாலிட்டி மேனேஜர் மேடம் இறங்கி வந்தார். பெங்களூர்க்காரர், கன்னடம் கலந்து தமிழ் பேசுவார். என் ட்யூபை வாங்கித் தன் காதில் மாட்டி, நான் ஒதுக்கிய பீஸைக் கேட்டார். இன்னொன்றைக் கேட்டார். பிறகு ட்யூபை என் பக்கத்துச் சீட்டுக்காரியிடம் கொடுத்தார். அவள் எனக்கு நெருங்கின சிநேகிதி. கேட்டுவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள்.

"சொல்லும்மா," என்றார் மேடம்.

"நல்லாத்தான் இருக்கு மேடம்," என்றாள், என் முகத்தைப் பார்க்காமல்.

எனக்கு அவள் மேல் வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமல்ல. சேர்ந்து டிபன் பிரித்துச் சாப்பிடுகிறவள் இப்படிக் காலை வாரிவிட்டாளே என்றுதான் நினைத்தேன். மேடம் குரலை உயர்த்தாமல், "ஒரு தடவ பூத்துக்குப் போயிட்டு வாம்மா," என்றார்.

பூத் என்பது எங்கள் கம்பெனியிலேயே இருக்கும் காது பரிசோதனை அறை. சின்னக் கண்ணாடி ஜன்னல், அதற்கு அந்தப் பக்கம் பரிசோதிப்பவர். அதற்கென்றே படித்துவிட்டு வந்த இளைஞர் அவர். எல்லோரும் தம்பி என்றுதான் கூப்பிடுவோம். ஹெட்போனை மாட்டி, கையில் பொத்தானைக் கொடுத்து, சத்தம் கேட்டால் அழுத்தச் சொன்னார். முதலில் கேட்டது, அழுத்தினேன். அப்புறம் ஒன்றும் வரவில்லை. வேறு ஏதோ வேலையாக இருக்கிறார்போல என்று உட்கார்ந்திருந்தேன். பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, "தம்பி, ஆரம்பிங்க, எனக்கு வேலை கெடக்குது," என்றேன்.

ஜன்னலுக்கு அந்தப் பக்கம் அவர் முகம் மாறியதைப் பார்த்தேன். அவர் எப்போதோ ஆரம்பித்துவிட்டிருந்தார்.

கீச்சுச் சத்தங்கள் இரண்டு காதிலும் போய்விட்டிருந்தன. பழைய மைக்கின் சத்தம் காதுக்குப் பழகிப்போனதால் அதுவரை தெரியவில்லை, புது மைக்தான் காட்டிக்கொடுத்தது. கொலுசு, விசில், "ஸ்", "ஷ்" எல்லாம் அந்த வகைச் சத்தங்கள்தான். டவுனில் காது மூக்கு தொண்டை டாக்டரிடம் போனேன். பழைய பிரஸ் ஷாப்பாக இருக்கலாம், முந்தைய வருடம் காய்ச்சலுக்குப் போட்ட ஊசியாகவும் இருக்கலாம், உறுதியாகச் சொல்ல முடியாது, ஆனால் போனது திரும்பாது என்றார். வெளியே வந்து பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்து அழுதேன். காது போனதற்கு அழுதேனா, நாற்காலி போகப்போவதற்கு அழுதேனா என்று கேட்டால், நாற்காலிக்குத்தான்.

நினைத்தபடியே நடந்தது. பேக்கிங்குக்கு மாற்றினார்கள். யாரும் கடிந்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. "உக்காந்த எடத்துல வேலை, ஒண்ணும் கஷ்டமில்ல தாயி," என்று லைன் லீடர் ஆறுதல் சொன்னார். கம்பெனியே எனக்கு ஒரு ஜோடி காது மெஷினும் கொடுத்தது, எங்கள் லைனில் செய்ததுதான். வீட்டுக்காரர் அதைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, "வீட்டோட போட்டுக்கோ. ஊர்ப் பக்கம் போறப்ப கழட்டிடு. பேரிகையில உங்க சனங்க ஆளுக்கொண்ணு பேசுவாங்க," என்றார். பேரிகை நான் பிறந்த ஊர்.

பேக்கிங்கில் என் வேலை, பெட்டிக்குள் மெஷினோடு ஒரு விளக்கத் தாளை மடித்து வைப்பது. பல மொழிகளில் அச்சடித்திருக்கும், தமிழிலும் இருக்கும். ஒரு நாள் மடித்துக்கொண்டே படித்தேன். இதைப் போட்டுக்கொண்டால் உங்கள் வேலையையும் விட வேண்டாம், உங்களுக்குப் பிடித்ததையும் விட வேண்டாம் என்கிற மாதிரி எழுதியிருந்தது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சாப்பாட்டு நேரத்தில் அந்தத் தாளை எடுத்துக்கொண்டு நேராக மாடிக்குப் போனேன். மேடம் தயிர்சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"மேடம், இதுல எழுதியிருக்கறது உண்மையா, பொய்யா?"

அவர் படித்துவிட்டு, "உண்மைதான்," என்றார்.

"அப்ப என்னை ஏன் அந்தச் சீட்டுலேர்ந்து எடுத்தீங்க? நம்ம மெஷினப் போட்டவள நம்ம கம்பெனியே நம்பலன்னா, எங்கியோ இருக்கறவன் எப்படி மேடம் இத நம்பி வாங்கிப் போட்டுக்கினு வேலைக்குப் போவான்?"

மேடம் கோபித்துக்கொள்வார் என்றுதான் நினைத்தேன். அவர் ஸ்பூனை வைத்துவிட்டு என்னையே பார்த்தார். "நோடும்மா, இங்க பாரு, எனக்கும் புரியுது. ஆனா ட்யூபைக் காதுக்குள்ள வெக்கணும். உன் காதுல மெஷின் இருக்கு. மெஷினக் கழட்டினா கேக்காது, கழட்டலன்னா ட்யூப் போகாது. நீயே சொல்லு, நான் என்ன பண்றது?"

நியாயமான கேள்வி. மூஞ்சியைத் தொங்கப்போட்டுக்கொண்டு இறங்கி வந்தேன். ஆனால் ஒன்றைக் கவனித்தேன். முடியாது என்று அவர் சொல்லவில்லை. வழி தெரியவில்லை என்றுதான் சொன்னார். வழியைக் கண்டுபிடிக்காமல் விடுவதில்லை என்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன்.

அதற்குள் மெஷின் எனக்குப் பழகிப்போயிருந்தது. வீட்டுக்காரர் சமையலறை வாசலில் நின்று முணுமுணுக்கும் வசவெல்லாம் தெளிவாகக் கேட்டது. இத்தனை நாள் இதையா முணுமுணுத்தாய் ராசா என்று ஒருநாள் திருப்பிக் கொடுத்ததில் அவர் முணுமுணுப்பதையே நிறுத்திவிட்டார். ஒரு சாயங்காலம் கம்பெனி பஸ்ஸில் வந்துகொண்டிருந்தேன். ஊரிலிருந்து அம்மா போன் செய்தார். போன் பைக்குள்தான் இருந்தது, ஆனால் அம்மா குரல் நேராக என் காதுக்குள் வந்து விழுந்தது. இந்த வசதி நாங்கள் செய்கிற மெஷினிலேயே இருப்பதுதான். தக்காளி விலையைப் பற்றி அம்மா பேசிக்கொண்டிருக்க, எனக்கு வேறு ஒன்று ஓடியது. பேரிகையில் பேசுகிற அம்மா குரலே ட்யூப் இல்லாமல் என் காதுக்குள் வருகிறது. என் மேஜை மேல் இருக்கிற பீஸின் சத்தம் வராதா? "அம்மா, அப்பறம் பேசறன், வை," என்று நான் போட்ட சத்தத்தில் பஸ்ஸில் பாதிப் பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

மறுநாள் காலையில் தம்பி பூத் கதவைத் திறப்பதற்கு முன்னாலேயே அங்கே போய் நின்றேன். நான் சொன்னதைக் கேட்டதும் அலமாரியைத் திறந்து ஒரு பெட்டியை எடுத்தார். டிவி சத்தத்தை நேராகக் காது மெஷினுக்கு அனுப்பும் சின்னப் பெட்டி அது, எங்கள் கம்பெனியே விற்கிறது. சோதனை மெஷினில் பீஸைச் செருகும் இடத்தில் ஏற்கெனவே ஒரு மைக் இருக்கிறது. அந்த மைக்கின் ஒயரை இந்தப் பெட்டியில் கொடுத்தால் சத்தம் என் காதுக்கு வந்துவிடும். "ட்ரை பண்ணலாங்க்கா," என்றார். அப்படியே செய்து, ஒரு பீஸைச் செருகி, நான் "ஸ்" என்றேன். என் குரல் எனக்குள்ளேயே கேட்டது. அந்தச் சந்தோஷத்தை எப்படிச் சொல்ல. தம்பி கையைப் பிடித்துக் குலுக்கி எடுத்துவிட்டேன்.

மேடம் ஒரு சோதனைக்குச் சம்மதித்தார். நல்ல பீஸ்களோடு கெட்ட பீஸ்களைக் கலந்து வைப்பார்கள், எது எது என்று லைன் லீடருக்கு மட்டும் தெரியும், நான் பிரிக்க வேண்டும். லைன் லீடருக்கு இதில் விருப்பமே இல்லை. "கம்பெனி பேரு கெட்டுப் போகும்லா," என்று சொல்லிக்கொண்டேதான் டிரேயை வைத்தார்.

தோற்றுப்போனேன். மந்தமான பீஸ்களைப் பிடித்தேன், கரகர பீஸ்களைப் பிடித்தேன். ஆனால் சீறுகிற பீஸ்களை எல்லாம் நல்லது என்று ஓகே டிரேயில் போட்டிருந்தேன். சீறலோடு ஒரு பீஸ் வெளியே போனால் அதைப் போடுகிறவருக்கு நாள் முழுக்கக் காதுக்குள் உஸ்ஸென்று கேட்டுக்கொண்டே இருக்கும். அதைவிட மோசமான தப்பு எங்கள் வேலையில் இல்லை. லைன் லீடர் டிரேயை எடுத்துக்கொண்டு போனார். நான் பாத்ரூமில் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். முகத்தைக் கழுவும்போதுதான் உறைத்தது. எல்லா வகையிலும் ஒன்றிரண்டு தவறியிருந்தால் என் காது போதவில்லை என்று ஒப்புக்கொள்ளலாம். அதெப்படிச் சீறல் மட்டும், அதுவும் ஒன்று விடாமல் தவறும்?

ஈர முகத்தோடு ஓடிப்போய்த் தம்பியிடம் அதைக் கேட்டேன். அவர் நெற்றியில் அடித்துக்கொண்டார்.

"அய்யோ அக்கா! உங்க காதுல இருக்கற மெஷின் சீறல அமுக்கிடுதுக்கா. அதுக்குத்தானே அத செஞ்சிருக்கோம்!"

உண்மைதான். வேண்டாத இரைச்சலை அமுக்கிப் பேச்சை மட்டும் தூக்கிக் கொடுப்பது எங்கள் மெஷினின் பெருமை. பீஸ் சீறுவதை என் மெஷின் எனக்குக் கேட்க விடாமல் துடைத்துக் கொடுத்திருக்கிறது. நாங்கள் இவ்வளவு நன்றாகவா செய்திருக்கிறோம் என்று சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. எதையும் அமுக்காமல் உள்ளதை உள்ளபடி விடுகிற மாதிரித் தம்பி என் மெஷினில் தனியாக ஒரு செட்டிங் போட்டுக் கொடுத்தார். அறைக்குள் போனால் அது, வெளியே வந்தால் பழையது.

இன்னொரு சோதனைக்கு மேடம் லேசில் சம்மதிக்கவில்லை. அவருக்கும் மேலே பதில் சொல்ல வேண்டியிருந்தது. நான் தினமும் சாப்பாட்டு நேரத்தில் அவர் அறை வாசலில் போய் நின்றேன். பேச மாட்டேன், நிற்பேன். கடைசியில், "நின் காட்ட தாங்க முடியலம்மா, வா," என்று அவரே எழுந்து வந்தார். காட்ட என்றால் கன்னடத்தில் தொல்லை.

இந்தத் தடவை அறைக்கு வெளியே கண்ணாடி வழியாக ஒரு கூட்டமே நின்று பார்த்தது. என் சிநேகிதியும் நின்றாள். நான் யாரையும் பார்க்கவில்லை. ஒவ்வொரு பீஸாக எடுத்துச் செருகி, சொல்லி, கேட்டு, போட்டேன். ஒரே ஒரு பீஸ் என்னைப் பாடாய்ப் படுத்தியது. சீறுகிற மாதிரியும் இருந்தது, இல்லாத மாதிரியும் இருந்தது. எடுப்பதும் வைப்பதுமாக இருந்துவிட்டு, ஆனது ஆகட்டும் என்று ரிஜெக்ட்டில் போட்டேன்.

லைன் லீடர் தான் எழுதி வைத்திருந்த பட்டியலைப் பார்த்து டிரேக்களைச் சரிபார்த்தார். கெட்ட பீஸ் அத்தனையும் ரிஜெக்ட் டிரேயில் இருந்தது. நான் தவித்துப் போட்ட அந்த ஒன்று மட்டும் நல்ல பீஸ். எல்லாம் போச்சு என்று எழுந்திருக்கப் போனேன்.

அவர் மேடம் பக்கம் திரும்பினார். "நல்லதத் தள்ளினா நமக்குத்தான் நட்டம் மேடம், திரும்ப மெஷின்ல வச்சுப் பாத்துக்கிடலாம். கெட்டத விட்டாத்தான் வாங்குதவன் பாவம். இந்தப் பிள்ள ஒண்ணக்கூட விடல. இருக்கட்டும்."

கம்பெனி பேர் கெட்டுப்போகும் என்று சொன்ன அதே மனிதர்தான். நன்றி சொல்லக்கூட வாய் வரவில்லை, இவ்வளவு வாய் இருந்தும். வெளியே வந்ததும் சிநேகிதியைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன். அன்றைக்கு அவள் என்னைக் காப்பாற்றப் பொய் சொல்லியிருந்தால் எத்தனை நல்ல மைக் குப்பைக்குப் போயிருக்கும், நான் எத்தனை நாள் கொலுசுக் கடைக்காரரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்திருப்பேன்.

அடிக்கடி பூத்தில் காதைக் காட்ட வேண்டும், என் மெஷினையும் சோதிக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு நாற்காலி திரும்பக் கிடைத்தது. அந்த மாதமே பேரிகையில் ஒரு சொந்தக்காரர் கல்யாணம் வந்தது. கிளம்பும்போது தலைமுடியைத் தூக்கிக் கொண்டை போட்டேன், காதுக்குப் பின்னால் இரண்டு மெஷினும் நன்றாகத் தெரிகிற மாதிரி. வீட்டுக்காரர் பார்த்தார், வாயைத் திறந்தார், மூடிக்கொண்டு வண்டியை எடுத்தார். கல்யாண வீட்டில் கேட்ட ஒவ்வொருவருக்கும் கழற்றிக் காட்டி, எங்க கம்பெனியில செஞ்சது, இதப் போட்டுக்கினுதான் வேலை பாக்கறன் என்று சொன்னேன். ஒரு மாமா மட்டும் பந்தி முடிந்ததும் என்னைத் தனியாக ஓரம் கூட்டிப்போய், டிராக்டர் ஓட்டி ஓட்டித் தனக்கும் சரியாகக் கேட்பதில்லை, வெளியில் சொல்லவில்லை என்றார். அடுத்த வாரமே அவரை ஓசூருக்கு வரவழைத்துக் காது டெஸ்ட் எடுக்க வைத்தேன்.

இன்றைக்கும் ஒவ்வொரு பீஸையும் கேட்டு ஓகே டிரேக்குத் தள்ளும்போது, எந்த ஊரில் எந்த மகராசி இதைக் காதில் மாட்டப்போகிறாளோ தெரியாது, "யார் எழுந்திருக்கச் சொன்னாலும் உன் நாற்காலியை விட்டு நீ எழுந்திருக்காதே" என்று அவளுக்கு மனசுக்குள் சொல்லித்தான் அனுப்புகிறேன்.